குட்டை லீவர் துப்பாக்கி பற்றி நீங்கள் கேட்டிருந்த அறுநூறு சொற்கள்

அல்டர் ஃபோர்க், மொன்டானா
ஏப்ரல் 11

அல்டர் ஃபோர்க் துப்பாக்கிக் கழகச் செய்தி மடலின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திருமதி மெர்னா குயிஸ்ட் அவர்களுக்கு,

ஆர்டன் ஹோஃப்ஸ்டட் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவி லவோனும் நலம். தங்கள் முழங்கால் இப்போது தேவலையா? பனி உருகி ஊரே சேறாகக் கிடக்கிறது, படியிறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். இருபத்தாறு வருஷம் உங்கள் தெருவுக்குத் தபால்காரனாக இருந்து உங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் கடிதம் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

டெல்பர்ட் தம் துப்பாக்கிக் கடையிலிருந்து இரவலாகக் கொடுத்த குட்டை லீவர் துப்பாக்கியைப் பரிசோதித்து எழுதும்படி கேட்டிருந்தீர்கள். மூன்று தலைப்பும் நீங்களே கொடுத்தீர்கள்: குறி எப்படி, கையாள வசதியா, வீட்டுப் பாதுகாப்புக்கு ஆகுமா ஆகாதா. அறுநூறு சொல்லுக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். கம்பளிக் காலுறை பற்றி நான் எழுதிய கட்டுரை போன வருஷம் இரண்டு இதழ்களைத் தின்றுவிட்டதை நானும் மறக்கவில்லை. ஏப்ரல் முதல் தேதிக்குள் வேண்டும் என்றீர்கள். இன்று பதினொன்று. தாமதத்துக்குக் காரணம் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வேண்டாததை நீங்கள் வெட்டிக்கொள்ளலாம்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், பிப்ரவரி கடைசியில் ஸ்கோகன் வீட்டில் யாரோ புகுந்து மரம் அறுக்கிற மெஷினையும் இரண்டு பெட்டி மான் கறியையும் தூக்கிக்கொண்டு போனார்கள் அல்லவா, அதுவும் பட்டப்பகலில், ஸ்கோகன் பக்கத்து அறையில் உட்கார்ந்து கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அன்றிலிருந்து லவோனுக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் காலை காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ வீட்ல இல்லாதப்ப ஒருத்தன் உள்ள வந்தா நான் என்ன பண்றது? கேக் வெட்டிக் குடுக்கவா?"

"அலமாரில ஷாட்கன் இருக்கே."

"அதைச் சுட்டா அவன் விழறானோ இல்லையோ, நான் விழுவேன். தொண்ணூத்தி ஒண்ணுல ஒரே ஒரு தடவை சுட்டேன். பத்து நாள் தோள்பட்டை ஊதாக் கலர்ல இருந்துச்சு."

"அப்ப மான் வேட்டைத் துப்பாக்கி?"

"அதை எடுத்துக்கிட்டு நம்ம நடையில திரும்ப முடியுமா? 'தம்பி, கொஞ்சம் பின்னாடி போ, நான் திரும்பிக்கிறேன்'னு திருடன்கிட்ட கெஞ்சணும்."

அவள் சொல்வது சரிதான். எங்கள் வீட்டு நடை இரண்டரை அடி அகலம், அதிலும் பாதியைத் துணி காயவைக்கிற கம்பி பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வாரம்தான் உங்கள் கடிதமும் வந்தது, டெல்பர்ட்டின் துப்பாக்கியும் வந்தது. ஆண்டவரே அனுப்பிவைத்தார் என்றாள் லவோன். அவர் அப்படி எதையும் அனுப்பியதாக எனக்குத் தோன்றவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் துப்பாக்கி. குழல் பதினாறு அங்குலம். முழு நீளம் மூன்றடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. எடை ஆறு பவுண்டும் கொஞ்சமும், லவோன் சமையல் தராசில் வைத்துப் பார்த்தாள். அடிக்கட்டை வால்நட் மரம், பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. முப்பத்தெட்டு என்கிற ரகத் தோட்டாவும் போடலாம், அதற்கு அண்ணனான மேக்னமும் போடலாம். அதில் சின்னது தோளைத் தட்டிக்கொடுக்கும், பெரியது தோளைக் கூப்பிட்டு விஷயம் சொல்லும், எதுவும் ஊதா நிறத்துக்குக் கொண்டுபோகாது. வலப்பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. தோட்டாவை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். குழலுக்குக் கீழே உள்ள குழாய் எட்டு தோட்டா கொள்ளும்; விசைக்குக் கீழே உள்ள லீவரைத் தள்ளி இழுத்தால் அதில் ஒன்று சுடும் அறைக்குள் ஏறும், தோட்டாவை அடிக்கிற சுத்தியும் பின்னால் போகும். ஏழாவது தோட்டாவைத் தள்ளும்போது அந்தக் கதவு என் கட்டைவிரலையும் ஒரு தோட்டா என்று எண்ணிக்கொண்டது. நகத்தில் கால்வாசி போயிற்று. கட்டு போட்டுக்கொண்டு சுடுதளத்துக்குப் போனேன்.

அங்கே இருபத்தைந்து கெஜத்தில் எல்லாத் தோட்டாவும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஐம்பது கெஜத்தில் ஐந்தில் நான்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தன. ஐந்தாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. இரும்புக் குறிமுள், என் எழுபத்தோரு வயதுக் கண், இரண்டையும் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயம்: லீவரைத் தயங்கித் தயங்கிப் பாதி இழுத்தால் தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ளும். முழுக்கத் தள்ளி முழுக்க இழுக்க வேண்டும். எனக்கு மூன்று தடவை சிக்கியது. மூன்றாவது தடவை நான் கத்தி முனையால் நோண்டிக்கொண்டிருந்தபோது லவோன் மதிய சாப்பாட்டோடு வந்து சேர்ந்தாள்.

"தள்ளு, நான் ஒண்ணு சுட்டுப் பாக்கறேன்."

"லீவரை அரைகுறையா இழுக்காத. பலமா…"

"ஆர்டன், நாப்பது வருஷமாத் தையல் மெஷின் ஓட்டறேன். இரும்புகிட்ட எப்படி நடந்துக்கணும்னு எனக்குத் தெரியும்."

ஐந்து சுட்டாள். ஐந்தும் ஒரு காபி சாஸருக்குள். பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு இளவட்டங்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நான் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டேன். 'கையாள வசதியா' என்ற தலைப்புக்குக் கீழே நீங்கள் போட வேண்டியது இதுதான்: மனைவிக்கு வசதி.

மூன்றாவது தலைப்புதான் வில்லங்கம். நான் பொறுப்பான ஆள், வெறும் வாய்ச்சொல்லில் எழுத மாட்டேன். ஒரு வாரம் துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தோட்டா குழாயில் நிறைந்திருக்கும், சுடும் அறையில் ஒன்றும் இருக்காது, குளிர்பெட்டிக்கு மேலே படுத்திருக்கும். பேரன் பேத்திகள் இல்லாத வீடு, யாரும் எடுத்து விளையாட மாட்டார்கள். பிறகு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். குட்டைக் குழல் என்பதால் நடையில் சுலபமாகத் திரும்ப முடிகிறது, துணிக்கம்பியில் ஒரு தடவைதான் மாட்டியது, அதுவும் லவோனின் இரவுச் சட்டை. இதுவரை எல்லாம் சரி. அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, இங்கே நின்று இந்தப் பக்கம் சுட்டால் தோட்டா எங்கே போகும் என்று ஒவ்வொரு சுவரிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். நம் வீடுகளில் உள்சுவர் என்பது இரண்டு அட்டை, நடுவே காற்று. படுக்கையறை வாசலில் நின்று சுட்டால் தையல் அறை, அதையும் தாண்டினால் லவோன் தினமும் உட்காருகிற நாற்காலி. சமையலறையிலிருந்து சுட்டால் ஜன்னல், அதற்கப்பால் வெளியே எரிவாயுத் தொட்டி. முன்னறையிலிருந்து சுட்டால் தெருவுக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பேருந்து நிற்கிற இடம். நான் எழுபது புள்ளி வைத்தேன். தோட்டா போய்ச் சேர்ந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது: பின்வாசல் அறையில் இருக்கிற பெரிய ஃப்ரீசர். போன நவம்பரில் சுட்ட எல்க் மான் முழுதாக அதற்குள் பாறையாக உறைந்து கிடந்தது.

"சுவரெல்லாம் என்ன புள்ளி? கரப்பான் வந்துச்சா?" என்று கேட்டாள் லவோன். விளக்கினேன். அவள் தையல் அறைக்குப் போய் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டு வந்தாள்.

அன்று மார்ச் இருபத்தெட்டு, வியாழன், மதியம் இரண்டேகால். லவோன் சர்ச்சில் ஓர் இறுதிச் சடங்கு விருந்துக்குச் சாண்ட்விச் செய்யப் போயிருந்தாள், நான்கு மணிக்கு முன்னால் வர மாட்டாள். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து உங்களுக்கு இந்தக் கட்டுரையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். காது மெஷின் இரண்டும் சார்ஜில் இருந்தன. அவை இல்லாவிட்டால் எனக்கு ரயிலே வீட்டுக்குள் வந்தாலும் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீர்கள். 'வீட்டுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை' என்று எழுதிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, கணுக்காலில் சில்லென்று காற்று பட்டது.

பின்கதவு திறந்தால்தான் அந்தக் காற்று வரும்.

எழுந்தேன். துப்பாக்கியை எடுத்தேன். லீவரை முழுக்கத் தள்ளி முழுக்க இழுத்தேன், சிக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று டெல்பர்ட் சொல்லியிருந்தார். எனக்கே கேட்கவில்லை. "யாரது?" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன், அப்போதும் பதில் இல்லை. மூன்றாவது தடவையும் அப்படியே. மூன்று தடவையும் பதில் வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 'நான்தான்' என்பதே அந்தப் பதில். காது கேட்டிருந்தாலும் அதை வைத்து நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

சமையலறைக்கும் பின்வாசல் அறைக்கும் நடுவே பாதிக் கண்ணாடி வைத்த கதவு. அதன் வழியே ஓர் அகலமான முதுகு தெரிந்தது. பழுப்புக் கித்தான் கோட்டு, எனக்குத் தெரியாத தொப்பி. குனிந்துகொண்டிருந்தான். ஃப்ரீசர் பக்கத்தில். ஸ்கோகனின் இரண்டு பெட்டி மான் கறி நினைவுக்கு வந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டேன். சுத்தி பின்னால் இழுத்த நிலையில் இருக்கிறது, விசையை அழுத்தினால் வெடிக்கும். விரலை விசைக்கு வெளியே வைத்திருந்தேன் என்று எழுத எனக்கு ஆசை, மெர்னா. எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. என் காதுக்குள் என் இதயம் மட்டும் கேட்டது, அதற்கு மெஷின் தேவைப்படவில்லை.

அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தான் என்றால், பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். முதலில் இடது. பிறகு சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வலது. இரண்டையும் எடுத்து, லவோன் வைத்திருக்கிற ரப்பர் தட்டில் ஜோடியாக, மூக்கு சுவரைப் பார்க்க வைத்தான். சேறு தரையில் படாமல். அந்த இடத்தில் நான் துப்பாக்கியை இறக்கினேன். திருட வந்தவன் எவனும் பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைக்க மாட்டான். கழற்றுகிறான் என்றால் இந்த வீட்டுக்காரி யார் என்று தெரிந்த ஆள்.

திரும்பினான். என் அண்ணன் வெர்லின்.

நாங்கள் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. உங்களுக்கு இது தெரியும், அந்த விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு நீங்களும் வரிசையில் நின்றீர்கள். எங்கள் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எல்லார் முன்னிலையிலும் வெர்லின் சொன்னான்: "ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் கடுதாசி கொண்டுபோய்க் குடுத்தான் என் தம்பி. முதியோர் இல்லத்துல நாலு வருஷம் கிடந்த மனுஷனுக்கு ஒரு கடுதாசி போட்டானா?" நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். அவன் நாற்பது மைலுக்கு அப்பால் ஆடு வளர்க்கிறான். தீவனக் கடையில் அவன் வண்டி நின்றால் நான் அடுத்த ஊர்க் கடைக்குப் போவேன்.

இப்போது அவன் என் பின்வாசல் அறையில் காலுறையோடு நிற்கிறான். முகம் அப்படியே அப்பா முகமாக மாறியிருந்தது. வாய் அசைந்தது. நான் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும், அதற்கு முதலில் சுத்தியை இறக்க வேண்டும். சுடும் அறையில் தோட்டா இருக்கிறது. குழலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை, எழுபது புள்ளி வைத்தவன் நான். கதவைக் காலால் தள்ளி, ஃப்ரீசர் பக்கம் திருப்பினேன். கட்டைவிரலால் சுத்தியைப் பிடித்துக்கொண்டு, விசையை மெல்ல அழுத்தி, சுத்தியை மெதுவாக முன்னால் விட வேண்டும். அந்தக் கட்டைவிரலில்தான் கட்டு. நழுவியது.

துப்பாக்கியில் பக்கவாட்டில் ஒரு பாதுகாப்புப் பொத்தான் இருக்கிறது. சுத்தியை இறக்கும் முன் அதை அழுத்தியிருந்தால் தோட்டா வெடித்திருக்காது, இந்தக் கட்டுரையும் அறுநூறு சொல்லில் முடிந்திருக்கும். பழைய லீவர் துப்பாக்கியில் பழகியவர்கள் எல்லாரும் அந்தப் பொத்தானைக் கேலி பேசுவோம். நானும் முதல் பக்கத்தில் கேலி பேசி எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மூடிய அறைக்குள் மேக்னம் தோட்டா வெடித்தால் எப்படியிருக்கும் என்று மதிப்புரைகளில் யாரும் சரியாக எழுதுவதில்லை. காதில் ஓர் ஆணி இறங்குவது போல. எனக்கே அப்படி என்றால் நல்ல காது உள்ளவனுக்கு? வெர்லின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரப்பர் தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். ஃப்ரீசரிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

"அடி பட்டுதா?" என்று கத்தினேன்.

"என்னது?"

"அடி! உனக்கு! பட்டுதா?"

"பூட்டலை!" என்று கத்தினான் அவன்.

"எதைப் பூட்டலை?"

"கதவைடா! ஸ்கோகன் வீட்ல திருடு போச்சுன்னு கடையில சொன்னாங்க. நீ பின்கதவைப் பூட்டுறயா இல்லையான்னு பாக்க வந்தேன். பூட்டலை!"

"அதுக்காகவா நாப்பது மைல் வந்த?"

"நாப்பத்தி மூணு!"

நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். துப்பாக்கியை அவன் வாங்கி, லீவரை ஓட்டிஓட்டி எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுத்து என் சட்டைப்பையில் போட்டான். சின்ன வயதில் என் மீன்பிடி தூண்டிலில் சிக்கெடுத்துக் கொடுப்பானே, அதே முகம். பிறகு அவன் ஃப்ரீசரையே பார்த்தபடி, தலையைத் திருப்பாமல் கத்தினான்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது!"

"என்ன?"

"சர்ச்சுல! சொல்லியிருக்கக் கூடாது! மன்னிச்சுக்கோ!"

"கேக்கலை!"

"மன்னிச்சுக்கோடா!"

உண்மையைச் சொன்னால் இரண்டாவது தடவையே எனக்குக் கேட்டுவிட்டது. ஆனாலும் ஒன்பது வருஷம் ஆயிற்றே, இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்லட்டுமே என்று காதில் கையை வைத்துக்கொண்டேன். ஐந்து தடவை சொன்னான். பிறகு என் முறை வந்தது. "நீ சொன்னது நிஜம், வெர்லின்!" என்று கத்தினேன். "ஒண்ணுகூடப் போடலை நான்!"

முப்பத்தொரு வருஷம் மற்றவர்கள் கடிதத்தைச் சுமந்தவனுக்கு ஏன் ஒன்று எழுத வரவில்லை என்று அவன் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். உட்காருவேன். 'அன்புள்ள அப்பா' என்று எழுதுவேன். அப்புறம் பனி எத்தனை அங்குலம் விழுந்தது என்று எழுதுவேன். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. அந்தக் காகிதத்தை மடித்து அலமாரியில் போடுவேன். இதையெல்லாம் மெதுவான குரலில் சொல்ல எனக்கு எந்த ஜென்மத்திலும் வந்திருக்காது. அன்று மெதுவாகச் சொன்னால் கேட்காது, கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினால் வருகிறது, மெர்னா. ஏன் என்று தெரியவில்லை. வெர்லின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "அவருக்கும் பனி எத்தனை அங்குலம்னு தெரிஞ்சாப் போதும்டா, வேற ஒண்ணும் வேண்டியிருக்கலை!" என்று கத்தினான்.

நான்கு மணிக்கு லவோன் வந்தாள், அதற்குள் நான் காது மெஷினை மாட்டியிருந்தேன். புகை, வெடிமருந்து வாசனை, தரையில் இரண்டு கிழவர்கள், ஃப்ரீசரில் ஓர் ஓட்டை. முதலில் ரப்பர் தட்டைப் பார்த்தாள்.

"பூட்ஸைக் கழட்டி வெச்சிருக்கியே வெர்லின். நல்ல பிள்ளை. சாப்பிட்டியா?"

"என்னது?"

"எந்தப் பொட்டலத்துல பாஞ்சுது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். ஃப்ரீசரைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தோட்டா நின்ற பொட்டலத்தைக் கண்டுபிடித்தாள். ஈஸ்டருக்கென்று எழுதி வைத்திருந்த பெரிய தொடைக்கறி. அதையே அன்று மாலை பனி இளக்கி, தோட்டாவைக் கத்தியால் தோண்டி எடுத்துவிட்டு, மறுநாள் வறுத்தாள். வெர்லின் மறுநாள் மதியம்வரை இருந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். போகும்முன் பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தான். இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது, அந்தக் கதவுக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததா, சாவி எங்கே என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஸ்கோகன் வீட்டில் திருடியவர்களைப் போன வாரம் அடுத்த மாவட்டத்தில் பிடித்துவிட்டார்கள். கறியைத் தின்றுவிட்டார்களாம்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, என் முடிவு. சுடுவதற்கு: தாராளமாக வாங்கலாம். சின்னது, இலகுவானது, துல்லியமானது, தோளை வருத்தாது. தோட்டா தள்ளுகிற கதவருகே கட்டைவிரல் ஜாக்கிரதை. வீட்டுப் பாதுகாப்புக்கு: துப்பாக்கியிடம் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. வாங்குகிறவர் முதலில் கதவைப் பூட்டட்டும், அடுத்து காது மெஷினை மாட்டட்டும், பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வரட்டும். பொத்தானைப் பற்றி ஒரு வரி தனியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். டெல்பர்ட்டிடம் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதற்காக லவோன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மற்றபடி, என் குடும்பத்தில் ஒன்பது வருஷமாக இருந்த ஒரு மனத்தாங்கல் தீர்ந்தது, அண்ணன் தம்பிக்குள் இனி ஒரு சொல் பிசகு வராது. அதை மட்டும் நம் உறுப்பினர்கள் எல்லாரும் அறிய நீங்கள் அவசியம் அச்சில் போட வேண்டும்.

தங்கள் முழங்கால் விரைவில் குணமாகவும், தங்கள் தக்காளி நாற்று இந்த வருஷமாவது பனிக்குத் தப்பவும் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் கணவருக்கு என் வணக்கம். லவோன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

என்றும் தங்கள் உண்மையுள்ள,
ஆர்டன் ஹோஃப்ஸ்டட்

பின்குறிப்பு: ஏப்ரல் 16. மேலே உள்ளது எதையும் அச்சில் போட வேண்டாம். உறையை ஒட்டும் முன் வெர்லினுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவன் மன்னிப்பு கேட்டது இரண்டே தடவைதானாம், ஐந்து என்று நான் கூட்டிப் போட்டுவிட்டேனாம். தோட்டா அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்றாம், 'ஃப்ரீசர் பக்கம்' என்று நான் மழுப்பியிருக்கிறேனாம். பூட்ஸைக்கூட அவன் மரியாதைக்குக் கழற்றவில்லையாம், இடது பூட்ஸுக்குள் ஒரு கல் இருந்ததாம். அப்படியானால் வலது பூட்ஸை ஏன் கழற்றினாய் என்று கேட்டேன். "ஒத்தைக் காலோட நிக்க நான் என்ன கொக்கா?" என்று போனை வைத்துவிட்டான். உங்களுக்கு ஒரு மறுப்புக் கடிதம் எழுதப் போகிறானாம், அதையும் போட வேண்டாம். நாங்கள் இருவரும் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டோம். அதை எனக்கு நினைவுபடுத்த அவன் தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்கிறான்.